விதை நெல்லும் சீட்டு மேசையும்: போக்கரைத் தொழிலாக எடுப்பவருக்கான கணக்கு

போக்கர் என்றதும் இரண்டு பேச்சுதான் காதில் விழுகிறது. "அது சூதாட்டம், எல்லாம் அதிர்ஷ்டம்" என்பது ஒன்று. "திறமை இருந்தால் போதும், சம்பளம் மாதிரி மாதாமாதம் எடுக்கலாம்" என்பது இன்னொன்று. முதல் பேச்சை நம்புகிறவர் மேசைப் பக்கமே போகமாட்டார், அவருக்கு நஷ்டமில்லை. இரண்டாவதை நம்புகிறவர்தான் ஒருநாள் வேலையை விடுகிறார். இந்தக் கட்டுரை அவருக்காக.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. திறமைக்குப் பணம் கிடைக்கிறது, ஆனால் அது சம்பளம் வருகிற மாதிரி வருவதில்லை. அது எப்படி வருகிறது என்று புரியாததால்தான், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள்கூடக் கைப்பணம் கரைந்து எழுந்து போகிறார்கள். பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில், மேசையில் நடப்பது என்ன?

பெரும்பாலான இடங்களில் ஆடப்படுவது டெக்ஸஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு, அவருக்கு மட்டும் தெரியும்படி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. முதலில் 3 திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. இந்த 7 சீட்டில் சிறந்த 5 யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். தொடர விருப்பமில்லை என்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். நடுவில் குவியும் பணத்துக்குப் பாட் என்று பெயர்.

யாருமே பணம் வைக்காவிட்டால் ஆட்டம் நகராது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர், முறை வைத்து, கட்டாயமாக ஒரு தொகை வைக்க வேண்டும். அதுதான் பிளைண்ட். சிறியது ஒன்று, பெரியது ஒன்று. "1-2 மேசை" என்றால் சிறியது 1, பெரியது 2. 1-2, 1-3, 2-5 போன்றவற்றைத்தான் சிறு தொகை மேசைகள் என்கிறோம். இந்தக் கட்டுரையில் எல்லாத் தொகையையும் பெரிய பிளைண்டில் அளக்கப் போகிறேன். இனி வெறுமனே பிளைண்ட் என்றால் பெரிய பிளைண்ட்தான். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு மாறாது. பொதுவாக ஒருவர் 100 பிளைண்டுடன் மேசையில் உட்காருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே நிற்கும் என்று பந்தயம் கட்டும் ரூலெட்டில் உங்கள் எதிரி கசினோ, அதாவது சூதாட்ட விடுதி. போக்கரில் கசினோ உங்கள் எதிரி அல்ல. எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் பணம்தான் உங்களிடம் வர வேண்டும். ரூலெட்டில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சராசரி நஷ்டம்தான். இங்கே மற்றவர்கள் உங்களைவிட அதிகத் தவறு செய்தால் சராசரி லாபம் வரும். "எல்லாம் அதிர்ஷ்டம்" என்ற பேச்சு தவறாகும் இடம் இதுதான்.

வானம் பார்த்த பூமி

ஆற்றுப் பாசனம் இல்லாமல் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் குணம் தெரிந்தவர், பருவம் பார்த்து விதைக்கிறவர், களையை விட்டுவைக்காதவர். பக்கத்து வயல்காரருக்கு அந்த அக்கறை இல்லை. 20 வருடக் கணக்கை எடுத்தால் நம் ஆள்தான் அதிகம் விளைவித்திருப்பார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஒரு வருடத்தை எடுத்துப் பார்த்தால்? மேகம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வராமல் போயிருக்கலாம். அந்த வருடம் அக்கறையில்லாதவர் வீட்டில் நெல், இவர் வீட்டில் கடன்.

உழைப்பும் அறிவும் சராசரியைத் தீர்மானிக்கின்றன. குறிப்பிட்ட ஒரு வருடத்தை மழை தீர்மானிக்கிறது. சராசரியைச் சுற்றி விளைச்சல் இப்படி மேலும் கீழும் ஆடுவதைத்தான் போக்கரில் வேரியன்ஸ் என்கிறார்கள். நாம் ஏற்ற இறக்கம் என்றே சொல்வோம்.

ஒரே ஓர் ஆட்டம், கொஞ்சம் கிட்டத்தில்

உங்கள் கையில் இரண்டு ஏஸ், ஒன்று ஸ்பேட், ஒன்று கிளாவர். தொடக்கச் சீட்டுகளில் இதைவிட உயர்ந்தது கிடையாது. எதிராளியிடம் ஹார்ட்டின் ராணியும் ஹார்ட்டின் ஜாக்கும். நடுவில் முதல் 3 சீட்டு திறக்கிறது: ஹார்ட்டின் 9, ஹார்ட்டின் 5, கிளாவர் 2. நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். அவருக்கு இன்னும் ஒரு ஹார்ட்டின் வந்தால் ஒரே இனத்தில் 5 சீட்டு சேர்ந்துவிடும், உங்கள் ஏஸ் ஜோடி தோற்றுவிடும். இரண்டு பேரும் கையிலிருக்கும் 100 பிளைண்டையும் நடுவில் தள்ளிவிடுகிறீர்கள். பாட்டில் இப்போது 200.

மீதமிருக்கும் 2 சீட்டு எந்தெந்த விதமாக வரலாம் என்று எண்ணினால் 990 வழி இருக்கிறது. எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால், 100க்கு ஏறக்குறைய 61 தடவை நீங்கள் வெல்வீர்கள், 39 தடவை அவர் வெல்வார். இதே நிலைமை 100 முறை வந்தால் உங்களுக்கு 61 முறை 200 கிடைக்கும். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 122. நீங்கள் போட்டது 100. ஆக, சராசரி லாபம் 22 பிளைண்ட். இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர்: ஒரு முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்தால் சராசரியாகக் கைக்கு வரும் தொகை.

இப்போது கவனியுங்கள். அந்த 22 பிளைண்டை யாரும் உங்கள் கையில் எண்ணிக் கொடுக்கப் போவதில்லை. வருவது ஒன்று 100 லாபம், அல்லது 100 நஷ்டம். ஐந்தாவது சீட்டாக ஒரு ஹார்ட்டின் விழுகிறது, சீட்டுப் பகிரும் டீலர், பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப் வில்லைகளின் குவியலை அந்தப் பக்கம் தள்ளுகிறார், நீங்கள் பையில் கைவிட்டு அடுத்த 100ஐ எடுக்கிறீர்கள். சரியாக ஆடியிருக்கிறீர்கள், 22 பிளைண்ட் மதிப்புள்ள முடிவை எடுத்திருக்கிறீர்கள், ஆனால் 100 போய்விட்டது. தொழிலாக ஆடுகிறவரின் வாழ்க்கை முழுக்க இந்தக் காட்சிதான் வேறு வேறு சீட்டுகளில் திரும்ப வரும்.

இதுவரை பார்த்தது: நல்ல முடிவுக்குக் கூலி உண்டு, ஆனால் அது சராசரியில்தான் உண்டு. ஒரு தனி ஆட்டத்தின் முடிவு உங்கள் திறமையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது.

அப்படியானால் எத்தனை மணி நேரம் ஆடினால் உண்மை தெரியும்?

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நேரில் ஆடும் மேசை மெதுவானது. டீலர் சீட்டைக் கலைக்க வேண்டும், பகிர வேண்டும், சிப்பை எண்ண வேண்டும். மணிக்கு 25 முதல் 30 ஆட்டம் நடந்தால் அதிகம். ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். அதாவது 7, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தும் அதைப் பார்க்காமல் எழுந்து போவது சாதாரண விஷயம்.

நன்றாக ஆடும் ஒருவர் மணிக்குச் சராசரி 5 பிளைண்ட் சம்பாதிக்கிறார் என்று வைப்போம். சிறு தொகை மேசையில் இது நியாயமான அளவுதான். அடுத்து, அவருடைய முடிவுகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி ஆடுகின்றன என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பள்ளியில் படித்த திட்ட விலக்கம்தான் அது. இந்த வகை ஆட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு அது ஏறக்குறைய 50 பிளைண்ட். சராசரி 5, அதைச் சுற்றிய ஏற்ற இறக்கம் 50. பத்து மடங்கு!

நல்ல வேளையாக இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 100 மணி நேரம் ஆடினால் சம்பாத்தியம் 100 மடங்காகும், 500 பிளைண்ட். ஆனால் திட்ட விலக்கம் 100ன் வர்க்கமூலம் அளவுக்கே, அதாவது 10 மடங்குதான் வளரும். அதுவும் 500. நல்ல ஆட்டமும் கெட்ட ஆட்டமும் ஒன்றையொன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவதால் இப்படி. நேரம் கூடக் கூடத் திறமை முந்தும், மழை பின்தங்கும்.

இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், மணிக்கு 5 பிளைண்ட் சம்பாதிக்கும் உண்மையான திறமைசாலி 25 மணி நேரம் ஆடிய பிறகும் நஷ்டத்தில் இருக்க 100க்கு 31 வாய்ப்பு. 100 மணி நேரத்துக்குப் பிறகு 16. 400 மணி நேரத்துக்குப் பிறகுதான் அது 2 சொச்சமாகக் குறைகிறது. வாரத்துக்கு 10 மணி நேரம் ஆடுகிறவருக்கு 400 மணி நேரம் என்பது 40 வாரம்.

இதையே திருப்பிப் போடுங்கள், அங்கேதான் ஆபத்து இருக்கிறது. திறமையே இல்லாத, நீண்ட கால சராசரி பூஜ்யமான ஒருவர் 100 மணி நேரம் ஆடுகிறார். அவர் 500 பிளைண்டோ அதற்கு மேலோ லாபத்தில் இருக்கவும் அதே 16 வாய்ப்பு. அவருடைய கணக்கு நோட்டும் திறமைசாலியின் நோட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "மூன்று மாதமாக லாபம், வேலையை விட்டுவிடப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் இவர்களில் யார் என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் இன்னும் ஆடவில்லை.

இந்த விஷயத்தை ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவு எச்சரிக்கையுடன் அணுகுகிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் 4 தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் பிட்ஸ்பர்கில் மோதியது. நேருக்கு நேர், ஒருவருக்கு ஒருவர். யார் மேல் என்று உறுதியாகச் சொல்ல 20 நாட்களில் 1,20,000 ஆட்டம் வைத்தார்கள். அது மட்டும் போதாதென்று, ஒரு அறையில் மனிதருக்குப் போன சீட்டு இன்னொரு அறையில் கணினிக்குப் போகும்படி ஏற்பாடு செய்து, சீட்டு அதிர்ஷ்டத்தையும் முடிந்தவரை கழித்தார்கள். லிப்ராட்டஸ் தெளிவாக வென்றது. மணிக்கு 30 ஆட்டம் என்ற மேசையில் 1,20,000 ஆட்டம் ஆட உங்களுக்கு 4,000 மணி நேரம் ஆகும். வாரம் 40 மணி நேரம் வீதம் ஏறக்குறைய 2 வருடம்.

இதற்கு நேர் எதிரான கதைதான் ஊரெல்லாம் பரவியது. 2003ல் லாஸ் வேகாஸில், உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 25 லட்சம் டாலர் வென்றார். அதைப் பார்த்து எத்தனையோ பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். நாம் கேள்விப்பட்டது ஒருவரின் கதையை.

சுருக்கமாக: 100 மணி நேரத்து லாபம் ஒரு நல்ல அறிகுறி, அதற்கு மேல் எதுவும் இல்லை. சில நூறு மணி நேரம் தாண்டிய பிறகுதான் நோட்டு பேச ஆரம்பிக்கும்.

ரேக், அதாவது மேசைக்கான குத்தகை

கசினோ எதிரி அல்ல என்றேன், ஆனால் சும்மா இடம் கொடுப்பதும் இல்லை. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். பாட்டில் 10 சதவீதம், ஆனால் ஒரு உச்சவரம்புக்கு மேல் போகாது என்பது போன்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. சில இடங்களில் பாட்டில் கை வைக்காமல் அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்.

சிறு தொகை மேசைக்கு இது பெரிய சுமை. உச்சவரம்பு 5 என்று வைத்தால், 2-5 மேசையில் அது 1 பிளைண்ட். 1-2 மேசையில் அதே 5 இரண்டரை பிளைண்ட். 1-2 மேசையில் நீங்கள் மணிக்கு 3 பெரிய பாட் வென்றால் ஏழரை பிளைண்ட் மேசையை விட்டே போய்விட்டது. நீங்கள் ஆசைப்படும் சம்பாத்தியமே மணிக்கு 5தான் என்பதை நினைவில் வையுங்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, இந்தக் குத்தகையைக் கட்டிய பிறகும் மிஞ்சும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். ஒரு மேசையில் உட்காரும் முன் அங்கே ரேக் எவ்வளவு என்று கேட்காதவர் தொழில் செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

விதை நெல்

கட்டுரையின் மையம் இது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

ஆடுவதற்கென்றே தனியாக ஒதுக்கிய பணத்துக்குப் பேங்க்ரோல் என்று பெயர். விவசாயி வீட்டில் தனியாகக் கட்டிவைத்திருக்கும் விதை நெல் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். மழை பொய்த்த வருடத்துக்கு அடுத்த வருடமும் விதைக்க வேண்டுமே. வீட்டில் அரிசி இல்லை என்று விதை நெல்லைக் குத்திச் சோறாக்கினால், அடுத்த மழை எவ்வளவு நன்றாகப் பெய்தாலும் பயனில்லை.

பொழுதுபோக்காக ஆடுகிறவரையும் தொழிலாக ஆடுகிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்போம். ஒரே திறமை. இரண்டு பேருக்கும் மணிக்கு 5 பிளைண்ட், அதே 50 பிளைண்ட் ஏற்ற இறக்கம். இரண்டு பேர் கையிலும் 1,000 பிளைண்ட் பேங்க்ரோல். முதலாமவருக்கு வேறு சம்பளம் இருக்கிறது, இந்தப் பணத்தைத் தொடவே மாட்டார். வருடக் கணக்கில் இதே மேசையில் ஆடிக்கொண்டே இருந்தாலும், அவருடைய 1,000 பிளைண்டும் என்றாவது ஒருநாள் முழுக்கக் கரைந்துபோக 100க்கு 2 வாய்ப்புதான்.

இரண்டாமவர் வேலையை விட்டுவிட்டார். வாடகை, சாப்பாடு, மருத்துவம் எல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான். ஆடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 3 பிளைண்ட் வெளியே எடுக்கிறார். அப்போது அவருடைய பேங்க்ரோல் மணிக்கு 5 வளரவில்லை, 2தான் வளர்கிறது. ஏற்ற இறக்கம் மட்டும் அதே 50. அவர் கைப்பணம் கரைந்துபோகும் வாய்ப்பு இப்போது 100க்கு 20. ஐந்தில் ஒருவர்! சீட்டு மாறவில்லை, திறமை மாறவில்லை, எதிராளிகள் மாறவில்லை. வாடகை மட்டும் உள்ளே வந்தது, ஆபத்து பத்து மடங்கானது. முதலாமவர் அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றால் இரண்டாமவருக்கு 1,000 போதாது, 2,500 பிளைண்ட் வேண்டும்.

இன்னும் ஒரு படி போவோம். மணிக்கு 5 சம்பாதித்து 5ஐயும் எடுத்துச் செலவு செய்தால்? வரவும் செலவும் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். சம்பள வேலையில் அது சரிதான், மிச்சம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். இங்கே ஓடாது. வளராமல் மேலும் கீழும் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும் பணம் என்றாவது ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டே தீரும், எவ்வளவு பெரிய தொகையில் தொடங்கியிருந்தாலும். அது கணித முடிவு, அதிலிருந்து தப்ப வழி கிடையாது. தொட்ட பிறகு ஆட்டமும் கிடையாது.

"வார இறுதியில் ஆடி நன்றாகச் சம்பாதித்தேன், முழு நேரமாக ஆடினால் அதைப் போல நான்கு மடங்கு வரும்" என்ற எண்ணம் தோற்கும் இடம் இதுதான். வரவு நான்கு மடங்காகலாம். ஆனால் வார இறுதியில் ஆடியபோது விதை நெல்லை யாரும் தொடவில்லை.

ஆக, திறமை என்பது மணிக்கு எவ்வளவு வருகிறது என்பதோடு முடிவதில்லை. எடுத்துச் செலவழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களை மேசையில் வைத்திருக்கிறது.

சீட்டு வராத வாரங்கள்

மேலே சொன்ன கணக்கில் ஒரு பெரிய சலுகை ஒளிந்திருக்கிறது. எந்த நிலையிலும் நீங்கள் ஒரே மாதிரி ஆடுவீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. மனிதர்கள் அப்படி இல்லை.

இரவு 11 மணி. இரண்டு வாரமாக நஷ்டம். வாடகை தேதி நெருங்குகிறது. முன்பு சொன்ன மாதிரி ஒரு ஹார்ட்டின் விழுந்து 100 போயிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் கையில் வருவது ஒரு 10, ஒரு 7. சாதாரண நாளில் யோசிக்காமல் போட்டுவிடும் சீட்டு. இன்றைக்குக் கை அதை விடவில்லை. "ஒரு பாட் வந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்" என்று மனசு சொல்கிறது. கோபத்திலோ அவசரத்திலோ இப்படித் தன் ஆட்டத்தை விட்டு விலகுவதற்கு டில்ட் என்று பெயர். இது வந்துவிட்டால் மணிக்கு 5 என்ற சராசரி மணிக்கு மைனஸ் ஆகிவிடும், அப்புறம் எந்தப் பேங்க்ரோலும் காப்பாற்றாது. வாடகைப் பணமும் ஆட்டப் பணமும் ஒரே பையில் இருக்கும்போது டில்ட் எளிதாக வரும். பணத்தைப் பிரித்து வைப்பது கணக்குக்காக மட்டுமல்ல, மனசுக்காகவும்தான்.

தொடங்குகிறவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

முதல் விஷயம் சட்டம். நேரில் பணம் வைத்து ஆடுவது உங்கள் இடத்தில் அனுமதிக்கப்பட்டதா, வருமானத்துக்கு வரி என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலை எதுவும் வேண்டாம். கணக்கில் அந்த வரியும் மணிக்கு இவ்வளவு பிளைண்ட் என்று கழிக்கப்பட வேண்டிய செலவுதான்.

அடுத்தது இரண்டு தனித்தனிப் பணம். ஒன்று பேங்க்ரோல். இன்னொன்று, ஒரு சிப்கூட ஜெயிக்காவிட்டாலும் குறைந்தது 6 மாதம் வீடு ஓடும் அளவுக்குச் சேமிப்பு. இந்த இரண்டாவது பணம்தான் கெட்ட மாதத்தில் விதை நெல்லில் கை வைக்க விடாமல் உங்களைத் தடுக்கும். நல்ல மாதத்தில் வரும் உபரியை அங்கே கொண்டுபோய் நிரப்புங்கள், மேல் மேசைக்கு ஓட வேண்டாம்.

பேங்க்ரோல் பாதியாகக் குறைந்தால் கீழ் மேசைக்கு இறங்கிவிட வேண்டும். 2-5ல் ஆடியவருக்கு 1-2ல் போய் உட்காருவது வெட்கமாக இருக்கும். ஆனால் இதே பணம் அங்கே இரண்டரை மடங்கு பிளைண்டாக நிற்கும். அகலக்கால் வைத்தவர் காலை இழுத்துக்கொள்ள இது ஒன்றுதான் வழி. அதற்கும் கீழே மேசை இல்லாத ஊரில் ஆடுகிறவர் தொடக்கத்திலேயே அதிகப் பணத்துடன் வர வேண்டும்.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் வேலையை விடாமல் முதல் 400, 500 மணி நேரத்தை ஆடிப் பார்ப்பதே நல்லது. ஒரு வருடம் ஆகலாம். அந்த வருடம் முழுக்க ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மேசை, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கொண்டுபோனது, கொண்டுவந்தது. தோற்ற நாளை எழுதாமல் விடக்கூடாது, அன்றைக்குத்தான் கை தயங்கும். நோட்டின் கடைசிக் கட்டத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: அந்த மாதம் வீட்டுக்கு எவ்வளவு எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று. வருடம் முடிந்ததும் மொத்த வரவை மொத்த மணி நேரத்தால் வகுத்து, அந்தச் செலவையும் அதே மணி நேரத்தால் வகுத்துக் கழியுங்கள். மிஞ்சுகிற எண்ணை மேலே சொன்ன 2, 5 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.